திசை வெட்டப்பட்ட தாள்

எனக்கு வயது நாற்பத்து மூன்று. பாலத்துக்குக் கிழக்கே, சலவைக் கூடத்தின் பின்புறக் குடியிருப்பில், ஏழாம் எண் வீட்டில் மனைவியுடன் வசிக்கிறேன். ஆஸ்பத்திரித் துணிகளை ஏற்றி இறக்கும் வெள்ளை வேன் ஓட்டுகிறேன். என் ஓட்டத்தைப் பார்த்து ‘நிதானம்’ என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள். அதேபோன்ற இன்னொரு வேனை என் மனைவியின் தம்பி ஓட்டுகிறான். வேலை வாங்கிக் கொடுத்தவன் நான்.

சென்ற திங்கட்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு அழுக்குத் துணிகளுடன் பாலத்தைக் கடந்து கூடத்துக்குத் திரும்பினேன். அதே நேரம் பாலத்தில் சைக்கிளில் சென்ற பள்ளி ஆசிரியை ஒருவரை வெள்ளை வேன் ஒன்று இடித்துவிட்டு நிற்காமல் போனதாக மாலையில் கேள்விப்பட்டேன். அதன் பிறகு என் மைத்துனன் வீட்டுக்கு வந்து, வேனில் உள்ள கருவி பதிந்த தாளைக் காட்டி, “மாமா, பாலத்துல உங்க வேகம் நாப்பத்தாறு. உண்மைதானே? கையெழுத்துப் போடுங்க, ஆபீஸ்ல கேக்குறாங்க” என்றான். உண்மை என்பதால் கையெழுத்திட்டேன். மூன்றாம் நாள் அந்தத் தாளை வைத்தே என்னைக் கைது செய்தார்கள். தன் வேன் அப்போது ஆஸ்பத்திரியில் நின்றதாக அவன் எழுதிக் கொடுத்திருந்தான்.

ஜாமீனில் வந்த பிறகு ஆசிரியையைப் பார்க்கப் போனேன். இடுப்புவரை மாவுக்கட்டு. அன்றுதான் தெளிவாகப் பேசத் தொடங்கியிருந்தார். நாற்பத்தாறில் வந்ததை ஒப்புக்கொண்டேன். “எந்தப் பக்கமா?” என்று கேட்டார். கூடத்துப் பக்கம் என்றேன்.

“நான் இயற்பியல் டீச்சர்ங்க. எவ்வளவுன்னு மட்டும் சொன்னா அது வேகம். எந்தப் பக்கம்னும் சேர்த்துச் சொன்னாத்தான் திசைவேகம். எதிரெதிரா போற ரெண்டு வண்டிக்கு வேகம் ஒண்ணா இருக்கலாம், திசைவேகம் ஒண்ணாகாது. என்னைப் பின்னாலேர்ந்து இடிச்ச வண்டி மேற்கே ஆஸ்பத்திரிப் பக்கம் போச்சு. அது நீங்க இல்ல.”

அதன் பிறகு அலுவலகக் குமாஸ்தா அம்மாவிடம் இரண்டு வேன்களின் முழுத் தாள்களையும் கேட்டு வாங்கினேன். இரண்டிலும் திசைக்கென்று கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. பத்தே முக்கால் மணிக்குப் பாலத்தில் என் வேன் கிழக்கு, நாற்பத்தாறு. அவன் வேன் மேற்கு, நாற்பத்தாறு. நான் கையெழுத்திட்ட தாளில் அந்தக் கட்டம் கத்தரியால் நேராக வெட்டப்பட்டிருந்தது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் தாளைக் காட்டினேன். அவள் அதை வாங்கிப் பார்க்கவில்லை.

“தெரியும். அவனுக்குக் கல்யாணமாகி நாலு மாசம்தான் ஆகுது. உங்களுக்கு நல்ல பேர் இருக்கு, தண்டனை கொறைவாத்தான் கெடைக்கும்னு அவன்கிட்ட நான்தான் சொன்னேன்” என்றாள்.

அதன் பிறகு நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். நான் சொன்னபடியே எழுதப்பட்டுள்ளது. படித்துக் காட்டக் கேட்டேன். அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)
வேன் ஓட்டுநர்