காய்ந்த தண்டு

அக்கா: மெதுவா நட. சருகு நொறுங்குது.

தம்பி: மரமெல்லாம் மொட்டையாகி இலை பூரா பாதையில கிடக்கு. சத்தமில்லாம நடக்க நான் என்ன பூனையா?

அக்கா: பூனைக்கு இப்படி மூச்சு வாங்காது.

தம்பி: நாள் பூரா பஸ் ஓட்டுறவளுக்கு இந்த நடை எங்கிருந்துக்கா வருது?

அக்கா: உட்கார்ந்தே கிடக்கிறவ, நடக்கக் கிடைச்சா விடுவாளா? கரை திரும்பினதும் நாணல். அங்கதான் போன வருஷம் அந்தப் பறவையைப் பார்த்தேன்.

தம்பி: பார்த்தேன்னு சொன்ன.

அக்கா: பார்த்தேன்.

தம்பி: சரணாலயப் பதிவேடு என் பொறுப்பு. புதுப் பறவைன்னா ரெண்டு பேர் பார்த்திருக்கணும். ஒருத்தர் மட்டும் பார்த்தா...

அக்கா: அது பறவையில்ல, காய்ந்த நாணல் தண்டு. தெரியும். பறவைச் சங்கத்துல நுழைஞ்சாலே "வாங்க, காய்ந்த தண்டு அக்கா"ங்கிறாங்க. என் பதிவுல சிவப்பு மையால கோடு போட்ட புண்ணியவான் யாரு?

தம்பி: அக்காங்கிறதுக்காக விட முடியுமா? கணக்குன்னா கணக்கு. நீ பார்த்ததாச் சொன்ன அன்னிக்கு வடக்குக் குளத்துல நான் நானூத்திப் பன்னெண்டு வாத்து எண்ணினேன். ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல.

அக்கா: நானூத்திப் பன்னெண்டு...

தம்பி: என்ன சிரிப்பு?

அக்கா: ஒண்ணுமில்ல. நட.

தம்பி: சிரிக்கிற நேரமா இது? இந்த வருஷக் கடைசிக் கணக்கெடுப்பு. இன்னிக்கும் இல்லன்னா உன் பேரைக் குழுவிலிருந்து எடுத்துடுவாங்க. "இல்லாததை எழுதுற ஆள் வேண்டாம்"னு தலைவர் முடிவாச் சொல்லிட்டார்.

அக்கா: அதான் உன்னையே இழுத்துட்டு வந்தேன். வேற யார் சொன்னாலும் நீ கோடு போடுவ... நில்லு.

தம்பி: என்ன?

அக்கா: மூச்சு விடாத. உடைஞ்ச கம்பத்துக்கு இடது பக்கம்.

தம்பி: வெறும் நாணல்...

அக்கா: காத்து நின்னுடுச்சு. நாணலும் நின்னுடுச்சு. ஒரு தண்டு மட்டும் இன்னும் ஆடுது பாரு.

தம்பி: ...அக்கா! அது...

அக்கா: வாயை மூடு! எங்கன்னு சொல்லலாம், என்னன்னு சொல்லக் கூடாது. தனித்தனியா எழுதி ஒத்துப் பார்க்கணும். உன் விதிதான். முதுகைத் திருப்பு. எழுது.

தம்பி: பேனா எழுத மாட்டேங்குதுக்கா.

அக்கா: கோடு போடறப்ப மட்டும் நல்லா எழுதுச்சே.

தம்பி: ...எழுதிட்டேன்.

அக்கா: மாத்திக்கலாம். நீ என்னோடதைப் படி.

தம்பி: "அலகு வானத்தைப் பார்த்து. கழுத்து நெடுகப் பழுப்புக் கோடு. கால் பச்சை."

அக்கா: உன்னோடது. "அலகு மேலே. கழுத்தில் கோடு. பச்சைக் கால்." கீழ என்ன கிறுக்கல்? "அடேயப்பா"வா?

தம்பி: அது... தானா வந்துடுச்சு.

அக்கா: பறக்குது! பறக்குதுடா!

தம்பி: யம்மா! எவ்வளவு பெரிய ரெக்கை! தண்டு மாதிரியே நிக்கிற வரிக்குருகுக்கா! வரிக்குருகேதான்!

அக்கா: கத்து. நல்லாக் கத்து. சரணாலய வாசல்ல நிக்கிற தலைவர் காதுல விழட்டும்.

தம்பி: சரணாலயப் பறவைப் பலகையில நூத்தி எழுபத்தி நாலாவது பறவை! பக்கத்துல உன் பேர்!

அக்கா: தேதி?

தம்பி: இன்னிக்குத் தேதி.

அக்கா: ம்.

தம்பி: ...இல்லக்கா. போன வருஷத் தேதிதான் போடணும்.

அக்கா: அதுக்கு ஒரே சாட்சிதானே?

தம்பி: ரெண்டு. நானும் பார்த்தேன்.

அக்கா: எங்கிருந்து?

தம்பி: வடக்குக் குளத்துல இருக்கேன்னு கையெழுத்துப் போட்டுட்டு, அதோ அந்தப் புதருக்குப் பின்னால சிகரெட் பிடிச்சிட்டிருந்தேன். உன் குருகை நானும் பார்த்தேன்னு ஒத்துக்கிட்டா நான் எங்க இருந்தேன்னு கேப்பாங்க. அந்த வாத்தெல்லாம்... நானா எழுதினது. ஏதாவது சொல்லேன். நாலு அறை விடு.

அக்கா: என் பையில முன்பக்க ஜிப்பைத் திற. மடிச்ச தாள் இருக்கும். போன வருஷம் நான் எழுதின பதிவுச் சீட்டோட கீழ்ப்பாதி. உன்கிட்ட கொடுக்கிறதுக்கு முன்னாடி கிழிச்சு வெச்சுக்கிட்டேன். படி.

தம்பி: "இரண்டாவது சாட்சி: என் தம்பி. புதருக்குப் பின்னால். குருகைப் பார்த்து வாயைப் பிளந்ததில் சிகரெட் கீழே விழுந்துவிட்டது." ...அக்கா! ஒரு வருஷமா இதைப் பையில வெச்சுக்கிட்டா அத்தனை கேலியும் கேட்ட?

அக்கா: நீயா வாயைத் திறக்கிறியான்னு பார்த்தேன். வா, சங்கத்துக்குப் போவோம். சிவப்பு மை இருக்கில்ல? நானூத்திப் பன்னெண்டு வாத்தை அடிக்கணும்.