அடியில் இரண்டு டேப்

டேப் எழுதுவது பெரிய வேலை இல்லை, சார். போனில் ஒரு ஆப்பைத் திறந்தால் திரையின் அடியில் வரிசையாகச் சின்னப் படங்கள் இருக்குமே, அதுதான். ஒன்றைத் தொட்டால் ஒரு பக்கம் வரும். கோட்டாறில் ஒரு கம்பெனியில் அதை எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன். அப்பா கல்குவாரியில் பாறை உடைத்தார். அம்மா அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைத்தாள். கொட்டைத் தோட்டின் பால் பட்டு விரலெல்லாம் வெந்து கறுத்திருக்கும். என்னை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பூட்டு என்றதும் நீங்கள் முகத்தைச் சுளித்தீர்கள், அதனால் சொல்கிறேன்.

என் மனைவி அபினா கர்ப்பமானதும் அவள் போனுக்கு ஒரு ஆப் செய்து கொடுத்தேன். அதைப் போட்டபின் அந்தப் போனில் வேறெதுவும் திறக்காது. பெனிஷ் என்று என் பெயரில் ஒரு டேப், பக்கத்தில் ஆஸ்பத்திரி, அம்மை வீடு, சபை, பாட்டு. பெயரைத் தொட்டால் நேராக அழைப்பு போகும். கண்ட வீடியோவைப் பார்த்துப் பயப்பட வேண்டாமே.

"இது போனா, கோழிக்கூடா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஏழாம் மாதம் மாமியார் தேவகனி கொட்டாரத்திலிருந்து முந்திரிக்கொத்தோடு வந்தார். எங்கள் பக்கம் முதல் பேறு தாய்வீட்டில்தான். கூட்டிப்போக வந்திருந்தார்.

"பிள்ளைய விடுங்க மருமவனே. நாங்க பாத்துக்கிடுவோம்."

"எங்க அம்மை அண்டி ஆபீஸ்ல இருந்து நேரா ஆஸ்பத்திரிக்குப் போனவ, மாமி."

"அதாக்கும் மொகத்துல ஒரு சிரிப்பு இல்லாம பொறந்திருக்கிய."

பலகாரத்தை வாங்கிக்கொண்டு அவரை பஸ் ஏற்றிவிட்டேன். அன்றைக்கே ஆப்பிலிருந்து 'அம்மை வீடு' டேப்பை நீக்கிவிட்டேன். தாயோடு பேசினால் அழுவாள். அழுகை பிள்ளைக்கு ஆகாது. மாமியார் என்னை அழைத்துக் கேட்பார், சுகமாக இருக்கிறாள் என்பேன். சபைப் பெண்கள் ஜெபத்துக்கு வந்து, தாய்வீட்டுக்கு ஏன் அனுப்பவில்லை என்றார்கள். சபையும் போயிற்று. பாட்டு மட்டும் எதற்கு?

மிச்சம் இரண்டு. ஒன்றே போதும் என்று பார்த்தேன். ஆனால் நான் எழுதும் முறையில் டேப் இரண்டுக்குக் குறைந்தால் ஆப் நின்றுவிடும். அதனால் ஆஸ்பத்திரியைப் பெயருக்கு விட்டுவைத்து, தொட்டால் அழைப்பு எனக்கு வரும்படி ஒரு வரி மாற்றினேன். வண்டி என்னிடம்தானே இருக்கிறது.

ஒருநாள் 'ஆஸ்பத்திரி' என்று அழைப்பு வந்தது. பதறிக்கொண்டு இரணியலில் இருக்கும் வீட்டுக்கு ஓடினேன். பூட்டைத் திறந்தால், துணிப்பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"நீங்களா வந்திய? நான் ஆஸ்பத்திரிய இல்லா கூப்பிட்டேன்."

"வலிக்கா?"

"வலியொண்ணும் இல்ல. எனக்கு அம்மைகிட்ட போவணும்."

நான் கோபப்படவில்லை. துணிகளை எடுத்து நானே மடித்து வைத்தேன்.

போன வாரம் அதே அழைப்பு மறுபடியும் வந்தபோது, புது ஆப்பின் டேப்களை முதலாளிக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். திரும்பவும் பை கட்டியிருப்பாள் என்று போனின் ஒலியை அணைத்துக் கவிழ்த்து வைத்தேன். வேலையை முடித்து, வழியில் அவளுக்கு நேந்திரம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தபோது ரத்தம் வாசற்படி வரை வந்திருந்தது. கதவில் அவள் கை பட்ட தடம் இருந்தது. சுற்றிலும் ரப்பர்த் தோட்டம். கத்தினாலும் ஒருவருக்கும் கேட்காது. அவளும் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது.

பூட்டியது நான்தான். அழைப்பைப் பார்த்துவிட்டு எடுக்காததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஸ்டேஷனுக்கு வெளியே மாமியார், 'என் மகளுக்கு அவனைக் கண்டாலே ஆகாது' என்று கத்துகிறார். அது பொய், சார். அவள் போனைப் பாருங்கள். முதலில் ஆஸ்பத்திரியைத் தொட்டிருக்கிறாள். பிறகு அதை விட்டுவிட்டு, கடைசி வரைக்கும் என் பெயரைத்தான் தொட்டிருக்கிறாள். அம்மையை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.