கசக்காத வெள்ளரிக்காய்

— காயில கை வைக்காத தாயின்னு ஒனக்கு எத்தன தடவ சொல்றது? சுரைக்காயில நகத்தக் குத்துற, வெண்டைக்கா முனைய ஒடிக்கிற. அடுத்தவுக வாங்க வேணாமா?

— சீமையில சண்டை வந்ததுலருந்து அரிசிக்கு அளவு, மண்ணெண்ணெய்க்குச் சீட்டு. காய்க்குமா ராவுத்தரண்ணே சட்டம்?

— இந்தச் சிக்கந்தர் கடையில அப்பிடித்தேன். கேளு, எடுத்துத் தாரேன். சொத்தைன்னா நாளைக்குக் கொண்டா, மாத்தித் தாரேன்.

— நாளைக்கு எங்கண்ணே வர? இந்த வெள்ளரிக்கா கசக்குமா?

— அல்லா மேல சத்தியமா கசக்காது. சோழவந்தான் பக்கத்துக் கொல்லையில பறிச்சு, இப்பத்தேன் வண்டியிலருந்து எறங்குனது. ஏ... ஏ இருளாயி! கடிச்சுப்புட்டியே!

— கசக்குது.

— என்னது?

— காம்புப் பக்கம் வேம்பாக் கசக்குதுண்ணே.

— கடைவாசல்ல நாலு பேரு நிக்கையில இப்பிடிச் சொன்னா என் யாவாரம் என்னத்துக்கு ஆகும்? கொண்டா அத.

— நான் கடிச்சதுண்ணே. எச்சி.

— இருக்கட்டும். கசக்குதுன்னு ஒரு சொல்லு விழுந்துட்டா அதே காயக் கடைக்காரன் தின்னு காட்டணும். எங்க அத்தா காலத்துலருந்து இங்க அதேன் வழக்கம். ம்... பாரு, கல்கண்டா இருக்கு. ஒன் நாக்குலதேன் கோளாறு. மூஞ்சியும் வாடிக் கெடக்கு, தூங்கலையா?

— கோழி கூப்புடுறதுக்கு முந்தியே எந்திரிச்சாச்சு. வீட்டுல அவுகளுக்கு மேலுக்கு முடியல.

— நல்லகாமனுக்கா? அதேன் ஆளக் காணோமா! என்னவாம்?

— நேத்து பூரா வெயில்ல உழுதாக. சூடு பிடிச்சிருக்கும். தாகம் தாகம்னு அனத்துறாக. நாலு வெள்ளரிக்காயும் ரெண்டு எலுமிச்சம்பழமும் போடுங்க.

— இந்த வெயிலு ஆரத்தேன் விட்டுச்சு. கைய எடு தாயி, அந்தக் கூடையக் கிளறாத!

— எதுக்குண்ணே இந்த வெரட்டு வெரட்டுறீக? எங்க கை பட்டா தீட்டாப் போயிருமா?

— அட, அப்பிடி நெனப்பேனா ஒன்னைய? சரி, சொல்றேன், ஒன்னோட வச்சுக்க. போன பங்குனி வரைக்கும் இங்க எல்லாரும் பொறுக்கித்தேன் வாங்குவாக. ஒருத்தி வந்தா. வெள்ளரிக் கூடையப் பூரா கிளறிட்டுப் போனா. மிச்சம் விழுந்த பிஞ்ச எம் பொஞ்சாதி மெஹருன்னிசா அப்பிடியே கடிச்சுத் தின்னா. பெறகுதேன் தெரியுது, அந்தப் பொம்பள வீட்டுல வாந்திபேதி.

— அக்கா காய்ச்சல்லதேன் போச்சுன்னு சொன்னாக?

— நாந்தேன் அப்பிடிச் சொல்லி வச்சேன். உள்ளதச் சொன்னா இந்தத் தெருவுல எவன் காய் வாங்குவான்? அல்லா மன்னிக்கணும்.

— எப்பிடிண்ணே ஆரம்பிச்சுச்சு?

— வவுத்துல வலிகூட இல்ல. அரிசி கழுவுன தண்ணியாட்டம் போய்க்கிட்டே இருந்துச்சு. தாகம் அடங்கல.

— பெறகு?

— கெண்டக்கால இழுத்துச்சு. வெரலெல்லாம் துணி வெளுத்தவ வெரலு கணக்கா சுருங்கிப் போச்சு. குரலு உள்ள போயிருச்சு. ஏன் தாயி, ஒன் கூடையக் கீழ வச்சுட்ட?

— எம்புட்டு நேரம் இருந்தாகண்ணே?

— விடியத் தொழுகையப்ப ஆரம்பிச்சது. சாயங்காலத் தொழுகைக்கு அவ இல்ல. அந்த வவுத்தெரிச்சல்லதேன் இந்தச் சட்டம். இந்தா, நீ கேட்டதெல்லாம் இருக்கு. வெரசாப் போ, அவன் தாகத்தோட கெடப்பான்.

— அண்ணே... அவுக வெரலும் விடியக்காலத்துலருந்து அப்பிடித்தேன் சுருங்கிக் கெடக்கு. அவுகளுக்குப் போனது எல்லாத்தையும் இந்தக் கையாலதேன் அள்ளிப் போட்டேன், முந்தானையில தொடச்சுக்கிட்டு நேரா இங்க வாரேன்... நான் குடுத்த அந்த வெள்ளரிக்காய முழுங்கிட்டீகளாண்ணே?