காலி நாற்காலியில ஒரு பையன்

— நிறுத்து தோஹீ. அந்த நாற்காலியில யாருடி இருக்கா?

— யாரும் இல்லக்கா. நாளைக்கு டீச்சர் வேலைத் தேர்வுலயும் எதிர்ல காலி நாற்காலிங்கதானே, நடுவருங்க மட்டும்தான் இருப்பாங்க. பிள்ளைங்க இருக்கறதா நெனச்சுத்தானே பாடம் நடத்தணும்?

— அதான் பாத்தேன். இல்லாத பையன்கிட்ட கேள்வி கேட்டே, அவனும் டக்குனு சரியா சொல்லிட்டான், நீயும் “சபாஷ்”ங்கறே. இல்லாததுங்க அத்தனையும் மேதைங்க. ரெண்டு தரம் ஊத்திக்கிட்டது சும்மாவா?

— இந்தத் தரமும் போச்சுன்னா ஊருக்கே, புசானுக்கே வந்து மீன் கடையப் பாருன்னுட்டாருக்கா எங்கப்பா.

— போயேன். மீனு எதிர்க்கேள்வி கேக்காது. சரி, நானே உக்கார்றேன். ஆறாங்கிளாஸ் பையன். ம், நடத்து.

— முக்கால அரையால வகுத்தா ஒன்றரை.

— டீச்சர், வகுத்தா கொறையணும்ல? முக்கால் எப்படி ஒன்றரையாச்சு?

— ரெண்டாவது பின்னத்தக் கவுத்துப் போட்டுப் பெருக்கணும் கண்ணா.

— ஏன் கவுக்கணும்?

— அது... அப்படித்தான்.

— அப்படித்தானாம். இதச் சொல்ல நாலு வருஷம் காலேஜு.

— நீங்க ஆறு வருஷமா ஆறாங்கிளாஸ் எடுக்கறீங்களே ஹேரன் அக்கா, உங்க பிள்ளைங்க கேட்டா என்ன சொல்லுவீங்க?

— எவனும் கேட்டதில்ல. எல்லாம் டியூஷன்ல முன்னாடியே முடிச்சுட்டு வந்துடுதுங்க. கவுக்கும், பெருக்கும், கையக் கட்டிக்கும்.

— அப்ப உங்க வகுப்புலயும் காலி நாற்காலிதான். இருபத்தி நாலு.

— வாய் நீளுது. இந்தக் கேள்விய அந்த வயசுல நான் கேட்டேன்டி. “நேரத்த வீணாக்காத, உக்காரு”ன்னாரு வாத்தியாரு. உக்காந்தவதான்.

— அந்தக் கிம்பாப் டப்பாவ இங்க நகத்துங்க. சோத்தச் சுருட்டி வெட்டுனதுதானே. ஒரு உருளை, எட்டுத் துண்டு. பேசிக்கிட்டே ரெண்ட முழுங்கிட்டீங்க. மிச்சம்?

— ஆறு. முக்கால் உருளை.

— ஆளுக்கு அரை உருளைன்னா?

— நாலு துண்டு. ஒரு ஆளுக்கு ஆச்சு. மிச்சம் ரெண்டு.

— அது இன்னொரு ஆளோட பங்குல எவ்வளவு?

— பாதி... ஒன்றரைப் பங்கு. முக்கால் வளரவே இல்லையே. பங்கத்தான எண்ணுறோம்.

— அதேதான்க்கா.

— கவுக்கவே இல்லடி நீ.

— இல்ல. ஏங்க்கா, என்னாச்சு?

— ஆறு வருஷம், இருபத்தி நாலு இருபத்தி நாலா. நூத்தி நாப்பத்தி நாலு பிள்ளைங்கள, ஏன்னே கேக்க விடாம, உக்கார வச்சிருக்கேன் தோஹீ.

இதப் படிக்கிற டீச்சருங்களே, வாத்தியாருங்களே, “ஏன் கவுக்கணும்”னு உங்ககிட்ட எந்தப் பிள்ளையாவது கேட்டிருக்கா? என்ன சொன்னீங்க? மறைக்காம கீழ எழுதுங்க.