உறையாத வேப்பெண்ணெய்

பிறர் பேச்சுக்குச் செவிகொடுப்பது என் வழக்கமன்று. ஆயினும், மார்கழிக் காலையில் ஜவ்வாது மலையிலிருந்து போளூருக்கு இறங்கிய பேருந்தில், முன்வரிசைப் பெண்மணி ஒருவர், அடுத்த இருக்கையில் வறுத்த வேர்க்கடலை மென்றுகொண்டிருந்த எண்ணெய் வியாபாரியிடம் கேட்டது தெளிவாகவே காதில் விழுந்தது.

“அண்ணே, நீங்க குடுத்த வேப்பெண்ண இன்னா இந்தக் குளிர்லயும் உறையவே இல்ல?”

“நானே ஆட்டுனதும்மா. அவரையில அசுவினிப் பூச்சி போச்சா இல்லியா?”

“அடிச்ச அரை மணியில செத்துக் கொட்டிச்சு. அதான் பயமா கீது. வேப்பெண்ணெக்குப் பூச்சி மெதுவாத்தான் சாவும். இன்னா மருந்து கலந்தீங்க?”

“சாமி சத்தியமா ஒண்ணும் கலக்கலம்மா.”

பெண்மணி மடியிலிருந்த பையைத் திறந்தார். உள்ளே பச்சைப்பசேலென்று அவரைக்காய்.

“புள்ள பெத்துக்கீற எம்பொண்ணுக்கு எடுத்துனு போறேன். நேத்து மருந்தடிச்ச செடி, இன்னிக்குப் பறிச்சது. நீங்க ஒண்ணே ஒண்ணு கடிச்சிக் காட்டுங்க, போதும்.”

வியாபாரி காயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எனக்குப் பல்வலிம்மா.”

“இம்மா நேரம் வேர்க்கடல துன்னுனு வந்தீங்களேண்ணே!”

வியாபாரி காயைப் பைக்குள்ளேயே திரும்பப் போட்டார். பெண்மணி பையின் வாயை இறுகக் கட்டி, மடியிலிருந்து இறக்கிக் காலடியில் தள்ளினார்.