அரசியின் காதருகே ஒருத்தி

கனடாவின் பிறம்ரன் நகர பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில், வெயார்ஹவுஸில் பொருட்களைப் பெட்டி கட்டும் வேலைக்குப் போகும் அக்காவும் தங்கையும் இருந்தார்கள்.

"அக்கா, உங்களையும் சூனியக்காரி எண்டுதான் சொல்லப்போகினம்," என்றாள் தங்கை.

"என்னடி சொல்லுறாய்?"

"முந்தி மங்கோலிய அரசிக்கு ஒரு அடிமைப் பெண்தான் ஆலோசகி. அவள் சொன்னா மந்திரியையே மாத்துவினம். மகன் பட்டத்துக்கு வந்து அரசியின்ர கை தாழ்ந்ததும், அவளைச் சூனியக்காரி எண்டு ஆத்தில எறிஞ்சுபோட்டாங்கள்."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"உங்களைக் கேக்காமல் மனேச்சர் ஒண்டும் செய்யிறேல்லை. வெள்ளிக்கிழமையோட அவ பென்சனில போறா. நீங்கள் இன்னும் பெட்டிதான் கட்டுறியள். அவ போகமுதல் சுப்பர்வைசர் வேலையை எழுத்தில வாங்குங்கோ."

அக்கா கைப்பையிலிருந்து பேனையை எடுத்துத் தங்கையிடம் நீட்டினார்.

"பாவம், அந்த அடிமைப் பெண்ணுக்கு உன்னைப்போல ஒரு தங்கச்சி இருக்கேல்லைப் போல," என்றார். "சுப்பர்வைசர் வேலை கேட்டு ஒரு கடிதம் இப்பவே எழுது. இண்டைக்கே குடுக்கிறன்."