காய்ச்சி நிமிர்த்திய ஃபோர்க்

அரியாங்குப்பத்தில் பஸ் ஏறி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தவர், பக்கத்திலிருந்தவரிடம் சொன்ன முதல் பேச்சிலேயே என் காது அங்கே போய்விட்டது.

"என் மோட்டார் சைக்கிளுக்கு ஆத்து மேல ஆசைண்ணே. பாலத்துல ஏறினா எடப்பக்கமே இழுக்குது."

பக்கத்திலிருந்தவர் மெக்கானிக் போலிருக்கிறது, விரலிடுக்கெல்லாம் கிரீஸ். "பழைய வண்டியா?"

"ஆமாண்ணே. வாங்கும்போதே முன் சக்கரத்தப் புடிச்சிருக்கற ஃபோர்க்கு வளைஞ்சிருந்திச்சி. புதுசு மெட்ராஸ்லேர்ந்து வரணுமாம். தேங்காய்த்திட்டுல படகுக்கு நங்கூரம் அடிக்கிற கொல்லர்கிட்ட குடுத்து நிமித்திட்டேன்."

"நெருப்புல காட்டினாரா?"

"செவக்கச் செவக்க."

மெக்கானிக் அவர் பக்கம் முழுசாகத் திரும்பினார். "நங்கூரம் கெட்டி இரும்பு, தம்பி. இது குழா. காய்ச்சினா பலம் போயிடும். ஒருநாள் பள்ளத்துல எறங்கும்போது சொல்லாம ஒடியும். வண்டிய எடுக்காத."

"இன்னிக்கு நான் எடுக்கலண்ணே. மச்சான் ஓட்டறான். பின்னாடி என் வூட்டுக்காரி, ஆறு மாசம் முழுகாம இருக்கா. ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. மூணு பேர் பாரம் வேணாமேன்னுதான் நான் பஸ்ல வந்தேன்."

அதற்கப்புறம் இருவரும் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்தார்கள். பாலத்துக்குச் சற்று முன்னால் பஸ் அந்த வண்டியை எட்டிப் பிடித்தது. அவர் தலையை வெளியே நீட்டி, "நிறுத்துடா, நிறுத்து" என்று கத்தினார். காற்றில் கேட்டிருக்காது. அந்தப் பெண் பிடியை விட்டுவிட்டு, சிரித்தபடி கையாட்டினாள். மச்சான் பந்தயம் என்று நினைத்துக்கொண்டான் போல. வேகத்தைக் கூட்டி, எங்களுக்கு முன்னால் பாலத்தில் ஏறினான்.